கொன்னை பூத்தாச்சு, சென்ட் வெலையும் பூக்குதா? எல்லையோர வாசகர் கேள்வி பதில்

தை பொறந்ததிலிருந்து வர்ற லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே சங்கதிதாங்க. எடம், வீடு, சென்ட், புரோக்கர். தென்னைக்கு வெள்ளை ஈ மருந்து கேட்டவங்களும் பொண்ணு ஜாதகம் அனுப்புனவங்களும் கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல. இந்தத் தடவ வாளையார்ல ஆரம்பிச்சு வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வரைக்கும் தமிழ்நாடு கேரளா எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறவங்க கேட்ட வீட்டு மனை கேள்விங்க மட்டும்.

கேள்வி: அண்ணா, எங்க ஊர்ப் பக்கம் நாலஞ்சு வருஷமா எடம் கேக்க ஆளே இல்ல. இப்ப பொங்கல் கழிஞ்சதும் புரோக்கருங்க பைக்குல சுத்திட்டே இருக்காங்க, ரோட்டோரம் எல்லாம் கலர் கலரா கொடி. நெசமாவே மார்க்கெட் எழுந்துருச்சுங்களா? (வேலந்தாவளம் வாசகர்)

எழுந்துருக்குங்க. ஆனா எழுந்தது மார்க்கெட்டா புரோக்கராங்கறத பிரிச்சுப் பாக்கணும். மார்கழி முழுக்க நம்ம சனம் ஒரு ரூபா அட்வான்ஸ் கூட கையில இருந்து எடுக்காது, தை வந்ததும் தேங்கி நின்னது எல்லாம் ஒண்ணா ஓடும். அதனால தை மாசத்த மார்கழியோட வெச்சுப் பாத்தா எந்த வருஷமும் ஏத்தமாத்தான் தெரியும். போன வருஷ தையோட வெச்சுப் பாருங்க, அப்பத்தான் நெலவரம் புரியும்.

நான் கொடியப் பாக்க மாட்டேன், வெலையக் கூட கேக்க மாட்டேன். மொதல்ல மேஸ்திரிக்கு போன் போடுவேன். "நாளைக்கே வர்றனுங்க"ன்னு சொன்னா மார்க்கெட் தூங்குது. "இப்ப கையில மூணு வேல இருக்குங்க, சித்திரை கழிஞ்சு பாக்கலாம்"னு சொன்னா நெசமாவே வீடு ஏறிட்டு இருக்குன்னு அர்த்தம். சென்ட்ரிங் பலகை வாடகைக்கு கெடைக்குதா, எம் சாண்ட் டிப்பர் சொன்ன நாளைக்கு வருதா, செங்கல்லுக்கு முன்பணம் கேக்கறாங்களா, இதெல்லாம் பொய் சொல்லாது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த லேஅவுட்டுக்குள்ள ஒரு ரவுண்டு போய் எத்தன வீட்டுல லைட் எரியுது, எத்தன கொடியில துணி காயுது, ஸ்கூல் வேன் உள்ள வந்து திரும்புதா இல்ல மெயின் ரோட்டுலயே நிக்குதான்னு பாருங்க. குடித்தனம் வந்தாத்தாங்க மார்க்கெட் வந்துருச்சுன்னு அர்த்தம், மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி அடிக்கற மேளம்.

இந்த வருஷம் அப்படி வீடு ஏறறதுக்குக் காரணமும் இல்லாம இல்ல. ரிசர்வ் பேங்க் 2025 பிப்ரவரியில இருந்து ஜூனுக்குள்ள மட்டும் ரெப்போ வட்டிய (பேங்குங்களுக்கு அது குடுக்கற கடனோட வட்டி) 6.50ல இருந்து 5.50க்கு எறக்குச்சு. அதே வருஷம் செப்டம்பர் 22ல இருந்து சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18க்கு வந்துருச்சு. கேரளாப் பக்கம் 2023 ஏப்ரல்ல கட்டட பெர்மிட் ஃபீஸ கன்னாபின்னான்னு ஏத்தி வெச்சு, எல்லாரும் சத்தம் போட்டதுக்கு அப்பறம் 2024 ஆகஸ்ட் 1ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் கொறச்சாங்க. அஸ்திவாரத்தோட நிறுத்தி வெச்சிருந்தவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்த தெம்பு.

அப்பறம் அந்த ஸ்மார்ட் சிட்டி. எந்த புரோக்கரும் இதச் சொல்லாம வாயே தொறக்கறதில்ல. விஷயம் உண்மைதான், கொச்சி பெங்களூரு தொழில் வழித்தடத்துல பாலக்காட்டுக்கு ஒரு தொழில் நகரம்னு 2024 ஆகஸ்ட் 28ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபா திட்டம். ஆனா அதுல பெரும்பகுதி வர்றது புதுச்சேரி பஞ்சாயத்துல, கஞ்சிக்கோட்டப் பக்கம் (நம்ம பாலக்காடு புதுச்சேரிங்க, பாண்டிச்சேரின்னு நெனச்சு ஒருத்தர் போன மாசம் கேட்டிருந்தாரு). கம்பெனி வரணும், ஆள் எடுக்கணும், அவன் மொதல்ல வாடகைக்கு வருவான், ரெண்டு மூணு வருஷம் சம்பளம் பாத்துட்டுத்தான் எடம் தேடுவான். அதுவும் வேலைக்குப் பக்கத்துலதான் தேடுவான், வேலந்தாவளத்துக்கு அந்த அலை வந்து சேர்றதுக்கு நாளாகும். இன்னைக்கே அந்த வெலைய உங்ககிட்ட கேக்கறாங்கன்னா பத்து வருஷத்துக்கு அப்பறம் வரப்போற லாபத்த இப்பவே அவங்க எடுத்துக்கறாங்க, அவ்வளவுதான்.

இன்னொன்னு கவனிங்க. ஒரே எடம் மூணு கை மாறியிருக்கும், பதிவு மட்டும் ஆயிருக்காது. ஒருத்தர் மூணு மாச அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் குடுப்பாரு, அந்தக் கெடு முடியறதுக்குள்ள மேல வெலைக்கு இன்னொருத்தர்கிட்ட தள்ளுவாரு, அவரு இன்னொருத்தர்கிட்ட. ஊருக்குள்ள "சென்ட் இவ்வளவுக்குப் போச்சு"ன்னு பேச்சு ஓடும், பதிவு ஆபீஸ்ல ஒரு தீறாதாரம் (நம்மூரு கிரயப் பத்திரம்) கூட பதிவாகியிருக்காது. ஆதாரம், அதாவது பத்திரம் எழுதறவர்கிட்ட உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு "இந்த மாசம் நம்ம வில்லேஜ்ல தீறு எத்தன ஆச்சு, எல்லாம் பாகம் பிரிச்சதா இல்ல வெளியாளுக்கு வித்ததா"ன்னு கேளுங்க. கொடியப் பாத்து எடம் வாங்கறது சந்தையில பல்லப் பாக்காம கழுத்து மணியப் பாத்து மாடு புடிச்சுட்டு வர்ற மாதிரிங்க.

கேள்வி: கொன்னை பூத்துருச்சு. விஷுவுக்கு முன்னாடி ஆதாரம் பண்றதா, கழிஞ்சு பண்றதா? (பாலக்காட்டுச் சித்தூர் வாசகி)

பேப்பர் எல்லாம் சரியா கையில இருந்தா மார்ச்சுலயே முடிச்சுருங்க அக்கா. கேரளாவுல பட்ஜெட்ல சொல்ற மாத்தம் எல்லாம் பெரும்பாலும் ஏப்ரல் 1லதான் நடப்புக்கு வரும். 2023ல நியாய விலைய (எடத்துக்கு சர்க்கார் போடற வெலை) ஒரேயடியா 20 சதவீதம் ஏத்துனது ஞாபகம் இருக்கும், அதுவும் அப்படித்தான் ஏப்ரல் 1ல வந்துச்சு. அதனாலதான் மார்ச் கடைசி வாரம் சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நிக்க எடம் இருக்காது. ஆனா பேப்பர்ல ஒரு சின்ன சந்தேகம் இருந்தாலும் ஓட வேண்டாம், நியாய விலை ஏறுனா போறது கொஞ்சம் பணம், தப்பான ஆதாரம் போட்டா போறது மொத்தமும்.

கேள்வி: நாங்க குனியமுத்தூர்ல வாடகைக்கு இருக்கோம். கோயமுத்தூர்ல வாங்க முடியற மாதிரி இல்ல, வாளையார் தாண்டி கேரளாவுல வெலை கம்மின்னு வீட்டுக்காரர் சொல்றாரு. தமிழ்நாட்டுக்காரங்க அங்க வாங்கலாங்களா? செலவு என்ன ஆகும்? எதப் பாக்கணும்? (பேர் வேண்டாம்னு சொன்ன வாசகி)

தாராளமா வாங்கலாம் அக்கா. சித்தூர் தாலுக்காவுல கெழக்கு எல்லைப் பஞ்சாயத்துங்கள்ல நெறையப் பேர் பேசறதே நம்ம தமிழ்தான், பள்ளிக்கூடமும் தமிழ்ல இருக்கு. ஆனா வாளையார் தாண்டுனா ஊர் மட்டும் இல்ல, பேப்பரும் மாறும். இதப் பத்தித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போறேன், ஏன்னா நம்மாளுங்க அங்க ஏமாறுறது வெலையில இல்ல, பேப்பர்ல.

மொதல்ல செலவு. கேரளாவுல முத்திரை 8 சதவீதம், பதிவு 2, ஆக 10. தமிழ்நாட்டுல மனைக்கு சர்சார்ஜோட சேத்து முத்திரை 7, பதிவு 2, ஆக 9 (2023 ஏப்ரலுக்கு முன்னாடி பதிவு 4 இருந்துச்சு, அப்ப வழிகாட்டி மதிப்ப ஏத்திட்டு இதக் கொறச்சாங்க). 2025 ஏப்ரல் 1ல இருந்து 10 லட்சம் வரைக்குமான சொத்த பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா தமிழ்நாட்டுல பதிவுல 1 சதவீதம் தள்ளுபடியும் இருக்கு. நீங்க பேசுன வெலை, சர்க்கார் போட்டிருக்கற வெலை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் கட்டணும்.

இனி பேப்பர். இங்க பட்டா, சிட்டான்னு கேட்டுப் பழகுன நமக்கு அங்க பட்டாவக் கேட்டா பல எடத்துல ஒண்ணும் வராது. அங்க முக்கியம் ஆதாரம், அதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்து வந்துச்சுங்கற முன்னாதாரம், நடப்பு வருஷ கரம் (நெல வரி) கட்டுன ரசீது, எடம் அவங்க கையில இருக்குன்னு வில்லேஜ் ஆபீஸ்ல குடுக்கற கைவச சர்டிபிகேட், லொகேஷன் ஸ்கெட்ச், அப்பறம் பாத்யதா சர்டிபிகேட், அதாவது நம்மூரு வில்லங்கம். முன்னாதாரத்த முப்பது வருஷத்துக்காவது பின்னால போய்ப் பாக்கச் சொல்லுங்க. அளவு எல்லாம் ஆர்னு போட்டிருக்கும், ஒரு ஆருக்கு 2.47 சென்ட், 4.04 ஆர்னு பாத்தா அது பத்து சென்ட். புரோக்கர் சொன்ன சென்ட்டும் ரசீதுல இருக்கற ஆரும் ஒத்துப் போகுதான்னு போன்லயே பெருக்கிப் பாருங்க.

இனிமேத்தான் கண்டம். அந்தக் கர ரசீதுல வகைன்னு ஒண்ணு இருக்கும். 'புரையிடம்'னு இருந்தா கரை மண்ணு, வீடு கட்டலாம். 'நிலம்'னு இருந்தா அது வயல். நம்மாளு "ஆமா நிலந்தான வாங்கறோம்"னு சந்தோஷமா கையெழுத்து போட்டுட்டு வந்துர்றாரு, அப்பறம் பெர்மிட்டுக்குப் போனா பஞ்சாயத்து ஆபீஸ்ல முடியாதுங்கறாங்க. கேரளாவுல 2008லயே நெல்வயல் தண்ணீர்த்தட பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு, எந்தெந்த வயல்னு டேட்டா பேங்க்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. அதுல உங்க சர்வே நம்பர் இருந்தா மொதல்ல படிவம் 5 குடுத்து, இது உண்மையில வயல் இல்ல, தப்பா சேத்துட்டாங்கன்னு நிரூபிச்சு வெளிய எடுக்கணும். டேட்டா பேங்க்ல இல்ல ஆனா ரசீதுல மட்டும் நிலம்னு இருந்தா, 2018 திருத்தத்துல வந்த 27ஏ பிரிவுல படிவம் 6 (50 சென்ட்டுக்கு மேலன்னா படிவம் 7) குடுத்து தரம் மாத்திக்கலாம். 2017 டிசம்பர் 30லயே தனியா இருந்த எடமா இருந்தா 25 சென்ட் வரைக்கும் ஃபீஸ் இல்ல, அதுக்கு மேல ஒரு ஏக்கர் வரைக்கும் நியாய விலையில 10 சதவீதம், ஏக்கர் தாண்டுனா 20 சதவீதம். காசு கூடப் பரவால்லைங்க, காத்திருக்கற நாள்தான் ஆள உருக்கீரும்.

இதுல ஒரு நரித்தனம் நடக்குது. பெரிய எடத்த வாங்கி இப்பத்தான் அஞ்சு அஞ்சு சென்ட்டா துண்டு போட்டுட்டு "25 சென்ட்டுக்குள்ளதான, ஃப்ரீயா மாத்திக்கலாம்"னு சொல்லி விப்பாங்க. 2017க்கு அப்பறம் வெட்டுன துண்டுக்கு அந்தச் சலுகை கெடையாது. தரம் மாத்துன உத்தரவு வித்தவர் பேர்ல கையில இருந்தா மட்டும் அட்வான்ஸ் குடுங்க, "அப்ளை பண்ணியாச்சு"ங்கற ரசீத நம்பிக் குடுக்காதீங்க. ஆதாரம் பண்ணதுக்கு அப்பறம் நடக்கற போக்குவரவ (பேர் மாத்தறது) மறந்துராதீங்க, உங்க பேர்ல வில்லேஜ் ஆபீஸ்ல கரம் கட்டுனாத்தான் வேலை முடிஞ்சுது.

வீட்டுக்காரர் சொன்ன "வெலை கம்மி"ய ஒரு தடவ கூட்டிப் பாத்துருங்க. தெனமும் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போக வர ஆகற பெட்ரோல், கொழந்தைங்க ஸ்கூல், ரேஷன் கார்டு அங்க மாத்தறது, எல்லாம் சேத்து. அப்பவும் கம்மியா இருந்தா சந்தோஷமா போங்க.

கேள்வி: எங்க ஊர்ல புதுசா லேஅவுட் போட்டு போர்ல தண்ணி பீச்சி அடிக்கற வீடியோ அனுப்பறாங்க. நம்பலாமா? (எருத்தேம்பதி வாசகர்)

உங்களுக்கு நான் சொல்லித் தரணுமாண்ணா? வீடியோ எந்த மாசம் எடுத்ததுன்னு கேளுங்க. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்பறம் எந்த போர்லயும் தண்ணி வரும். சித்திரை வைகாசியில போய் மோட்டார ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டச் சொல்லிப் பாக்கணும், அர மணி நேரத்துல காத்து வந்தா கெளம்பி வந்துருங்க.

கேரளான்னா மழைன்னு வெளியூர்க்காரங்க நெனச்சுட்டு இருக்காங்க. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் நம்ம பொள்ளாச்சி, கிணத்துக்கடவு மாதிரி காஞ்ச சீமைதான். சித்தூர்ப் புழையில ஓடற தண்ணியே பரம்பிக்குளம் ஆழியார் ஒப்பந்தத்துல மணக்கடவு வழியா வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. குடுக்கணும்னு இருக்கறதால வர்றது, ஒவ்வொரு வருஷமும் அதுக்கு ரெண்டு சர்க்காரும் பேசிப் பேசித்தான் தெறக்கறாங்க. பக்கத்துல பிளாச்சிமடையில கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு 2002ல சனம் ரோட்டுல உக்காந்து, 2004ல கோகோ கோலா பாட்டில் கம்பெனி நின்ன கதை ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட எடத்துல சென்ட் வெலைய விட போர் ஆழந்தான் மொதல் கேள்வி. பக்கத்து வீட்டுல டேங்கர் லாரி வருதா, வாரத்துக்கு எத்தன தடவன்னு அந்த வீட்டு அம்மாகிட்டயே கேளுங்க, புரோக்கர் கூட நிக்கும்போது கேக்காதீங்க. பஞ்சாயத்து குழாய் வந்திருந்தாலும் குழாய்ல தண்ணி வர்ற நாளக் கேட்டுக்குங்க.

எனக்கென்னமோ இந்தப் பக்கத்துல மார்க்கெட் எழும்பறதும் படுக்கறதும் வட்டியால இல்ல, தண்ணியாலன்னுதான் தோணுது. கால்வாய்த் தண்ணி கெடைக்கற ஓரத்துல வீடு தானா வருது.

கேள்வி: க.க.சாவடிப் பக்கம் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'ன்னு போட்டு மனை சல்லிசா விக்கறாங்க. வாங்கலாங்களா? (எட்டிமடை வாசகர்)

வேண்டாங்க. தமிழ்நாட்டுல பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து லேஅவுட்டுக்கு அப்ரூவல் ஆகாது, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி வேணும். 2016 செப்டம்பர் 9ல ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைய பதியக் கூடாதுன்னு நிறுத்துனதுக்கு அப்பறம் 2017ல வரன்முறைத் திட்டம் வந்துச்சு, அதுவும் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைக்குத்தான். 500 சதுர மீட்டருக்கு மேலயோ எட்டு மனைக்கு மேலயோ இருந்தா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் இருக்கணும், அந்த நம்பர ரெரா வெப்சைட்ல போட்டுப் பாருங்க, நோட்டீஸ்ல அச்சடிச்சிருக்கறத நம்பாதீங்க. வில்லங்கம் இப்ப பதிவுத்துறை வெப்சைட்லயே காசில்லாம பாக்கலாம். சல்லிசா விக்கற மனைய நாளைக்கு நீங்களும் சல்லிசாத்தான் விக்கணும், பேங்க் லோனும் வராது.

கேள்வி: பையன் துபாய்ல இருக்கான். வட்டி கொறஞ்சிருக்கு, ஊர்ல ஒரு தென்னந்தோப்பும் ஒரு வீடும் அவன் பேர்லயே வாங்கிப் போட்டுரலாம்னு இருக்கேன். சரிங்களா? (தத்தமங்கலம் வாசகர்)

வீடு சரி, தோப்பு முடியாதுங்க. வெளிநாட்டுல வேலை பாத்து என்.ஆர்.ஐ. ஆனவங்க விவசாய பூமி, தோட்டம், ஃபார்ம் ஹவுஸ் இதெல்லாம் காசு குடுத்து வாங்க ஃபெமாங்கற அன்னியச் செலாவணிச் சட்டத்துல எடம் இல்ல. வாரிசா வர்றது வேற. தோப்பு ஆசையா இருந்தா உங்க பேர்ல, உங்க காசுல வாங்குங்க. "ஃபார்ம் பிளாட்"னு சொல்லி பத்து சென்ட் பத்து சென்ட்டா விக்கறவங்க கல்ஃப் பசங்களத்தான் குறி வெச்சு சுத்தறாங்க, அதையும் பையனுக்கு சொல்லி வெச்சுருங்க. அவன் வர முடியாம உங்களுக்கு பவர் குடுத்தா அங்க தூதரகத்துல கையெழுத்து சாட்சி வாங்கி அனுப்பணும், இங்க வந்து சேந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரை கட்டணும்.

வட்டிக்கு வர்றேன். 25 லட்சம் 20 வருஷத்துக்கு 8.5 சதவீதத்துல மாசம் சுமார் 21,700 வரும், 7.5 ஆனா சுமார் 20,140. ஆயிரத்து ஐநூறு ரூபா மிச்சம், நல்லதுதான், அதுக்காக சென்ட்டுக்கு அம்பதாயிரம் கூடக் குடுத்து வாங்குனா அந்த மிச்சம் எங்க போச்சுன்னே தெரியாது. 2019 அக்டோபருக்கு அப்பறம் பேங்குல எடுத்த புது லோனெல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டுனது, தானா எறங்கும். அதுக்கு முந்துன பழைய லோன் வீட்டுல இருந்தா அது தானா எறங்காது, பேங்குக்குப் போய் மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுக்கணும்.

கையில எவ்வளவு வேணும்னு யாரும் சரியா கணக்குப் போடறதில்ல. 30 லட்சத்துக்கு வீடுன்னா பேங்க் அதிகபட்சமா 90 சதவீதம், 27 லட்சம் தரலாம். மீதி 3 லட்சம் உங்களோடது. கேரளாவுல முத்திரை பதிவு 10 சதவீதம், அது ஒரு 3 லட்சம், அத பேங்க் வீட்டு வெலையில சேக்காது. ஆக 6 லட்சம் கையில இல்லாம பேச்சே எடுக்காதீங்க, புரோக்கர் கமிஷன், எழுத்துக்கூலி எல்லாம் தனி.

கேள்வி: அம்மா தவறிட்டாங்க. கொழிஞ்சாம்பாறையில அவங்க பேர்ல பழைய ஓட்டு வீடு, எட்டு சென்ட். நாங்க அஞ்சு பேர் மக்க. மார்க்கெட் நல்லா இருக்கும்போதே ஒரு ரெண்டு லட்சம் செலவு பண்ணி பெயின்ட் அடிச்சு, டைல்ஸ் போட்டு வித்தா நல்ல வெலை கெடைக்குமா? (பொள்ளாச்சியில இருந்து ஒரு வாசகி)

பெயின்ட்டுக்கு வெச்சிருக்கற காச பேப்பருக்குச் செலவு பண்ணுங்கம்மா. அந்த வீட்ட வாங்க வர்றவங்க பத்துல எட்டுப் பேர் ஓட்டு வீட்ட இடிச்சுட்டு வார்ப்பு வீடு கட்டத்தான் வருவாங்க, உங்க டைல்ஸ் ஜே.சி.பி.க்குத்தான் போகும். கெணறு இருந்தா தூர் வாரி வெச்சுருங்க, புதர் வெட்டி நாலு மூலைக் கல்லும் கண்ணுக்குத் தெரியற மாதிரி பண்ணுங்க, கூரை ஒழுகற எடத்துல நாலு ஓடு மாத்துங்க, போதும். பலா மரத்துக் கதவு நெலை, தேக்கு உத்தரம் எல்லாம் நல்லா இருந்தா அத வெலை பேசும்போது தனியா சொல்லுங்க, பழைய மரம் வாங்கறதுக்குன்னே ஆள் வர்றாங்க.

அம்மா உயில் எழுதலைன்னா, இந்துக் குடும்பமா இருந்தா மக்க அஞ்சு பேருக்கும் சம பங்கு, ஆண் பொண்ணு வித்தியாசம் இல்ல, அப்பா இருந்தா அவருக்கும் ஒரு பங்கு. கட்டிக் குடுத்த தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டாச்சுன்னு விட்டுட்டு நாலு பேர் மட்டும் கையெழுத்து போட்டா வாங்கறவங்க வக்கீல் மொத நாள்லயே திருப்பி அனுப்பிருவாரு. வாரிசு சர்டிபிகேட் எடுத்து, வில்லேஜ் ஆபீஸ்ல வாரிசுங்க பேருக்கு போக்குவரவு பண்ணி, கரம் கட்டி வெச்சுட்டு அப்பறம் போர்டு மாட்டுங்க. யாராச்சும் வெளிநாட்டுல இருந்தா அந்தக் கையெழுத்துக்குத்தான் நாள் ஆகும், அத மொதல்ல ஆரம்பிங்க. பேப்பர் சுத்தமா இருக்கற எடத்துக்கு வாங்கறவங்க வெலையில முறுக்க மாட்டாங்க, தகராறு எடத்த வாங்கறவன் பாதி வெலைக்குத்தான் கேப்பான்.

கேள்வி: கஞ்சிக்கோட்டுல வாடகை தாறுமாறா ஏறுது, ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாரு. சட்டத்துல எடம் இருக்கா? (கம்பெனி வேலைக்காரர்)

தமிழ்நாடா இருந்தா 2017 சட்டம், 2019 பிப்ரவரியில நடப்புக்கு வந்தது, வீட்டுக்கு மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது (அங்கயும் எத்தன ஓனர் கேக்கறாங்கங்கறது வேற). கேரளாவுல இன்னும் ஓடறது 1965 சட்டந்தான், புதுசா மூணு மாசக் கணக்கு அதுல வரல. ஐ.ஐ.டி. வந்துருச்சு, வடக்க இருந்து வர்ற தொழிலாளிங்க ஒரு ரூம்ல ஆறு பேர் தங்கி தலைக்கு இவ்வளவுன்னு குடுக்கறாங்க, குடும்பஸ்தன் அதோட போட்டி போட முடியல. ரெண்டு ஸ்டாப் தள்ளி வாளையார்ப் பக்கமோ புதுச்சேரிக்கு உள்ளயோ பாருங்க. குடுக்கற அட்வான்ஸ் பேங்க் வழியா போகட்டும், பதினோரு மாச எழுத்துல தொகைய எழுதிக்குங்க.

கேள்வி: இப்ப ஏறுன வெலை ஆடியில எறங்குமா? அதுவரைக்கும் காத்திருக்கலாமா? (கோபாலபுரம் வாசகர்)

வெலை எறங்காது, விக்கறவர் எறங்குவாரு. ஆடியும் மலையாளக் கர்க்கடகமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது, ரெண்டு பக்கமும் வாங்க ஆள் வராது, அப்ப கடனுக்காகவோ கல்யாணத்துக்காகவோ அவசரமா விக்க நிக்கறவர்கிட்ட பேசுனா நல்லா எறங்கி வருவாரு. அவசரம் இல்லாதவர் ஆவணியில பாத்துக்கலாம்னு திண்ணையில உக்காந்திருப்பாரு, அவர்கிட்ட முட்டாதீங்க. பேச்ச ஆடியில முடிச்சு, சின்னதா அட்வான்ஸ் குடுத்து எழுதி வாங்கி, அந்த ஒரு மாசத்துல முன்னாதாரம், டேட்டா பேங்க் எல்லாம் நிதானமா பாத்துட்டு ஆவணியில, அதான் மலையாளச் சிங்க மாசத்துல பதிஞ்சுக்கலாம். எழுத்துக்காரரும் ஆடியிலதான் காலியா இருப்பாரு, ஒவ்வொரு வரியும் படிச்சுக் காட்டுவாரு. உங்க எடம் தமிழ்நாட்டுப் பக்கமா இருந்தா ஆடிப்பெருக்கு அன்னைக்கு மட்டும் போகாதீங்க, அந்த நாளுக்குப் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் விடற அளவுக்குக் கூட்டம்.